டொக்டர் மேல் வழக்குப் போட்டால் மலைநாட்டுக்கு டொக்டரே வராமல் போய்விடுவாரா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

“என் மகனுக்கு ஒன்பது வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பின்னேரம் பிளாஸ்டர் போட்டு வார்ட்டில் வைத்தார்கள். இராத்திரி முழுக்க வலி தாங்காமல் கத்தினான். விரல் ஊதி நீலமாகிவிட்டது என்று திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னேன். ‘எலும்பு உடைந்தால் வலிக்கத்தானே செய்யும்’ என்று பனடோல் கொடுத்தார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பிறகுதான் பெரிய டொக்டர் வந்து பார்த்தார். உடனே பிளாஸ்டரை வெட்டி அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார். அங்கே கையைக் கீறித் திறந்து ஒபரேஷன் செய்தார்கள். ஏழு மாதமாகிறது. விரல்கள் உள்ளே மடங்கியே நிற்கின்றன, பென்சில் பிடிக்க முடியவில்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா, கேஸ் போடு, கோடிக்கணக்கில் கிடைக்கும் என்கிறார். வீட்டுக்காரர் பொலிசுக்குப் போவோம் என்கிறார். தோட்டத்துத் தலைவரோ, நான் பேசி முடித்துத் தருகிறேன், கேஸ் போட்டால் டொக்டர்மார் இந்தப் பக்கமே வரமாட்டார்கள், அமெரிக்காவிலேயே அதனால்தான் சட்டத்தை மாற்றினார்கள் என்கிறார். எனக்குக் காசு பெரிதில்லை. அன்றைக்கு இராத்திரி என்ன நடந்தது என்று ஒருத்தரும் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?”

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் மகனின் கை. வழக்கு முடியட்டும், பிறகு வைத்தியம் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையைக் குணப்படுத்தினால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. தவறு மட்டுமில்லை, பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கண்டி கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டிலும் செய்யவையுங்கள். இறுகிய தசையைத் தளர்த்தவும், விரலை நிமிர்த்தும் வேலைக்கு வேறு தசைநாரை மாற்றிப் பொருத்தவும் சத்திரசிகிச்சைகள் இருக்கின்றன. மகனுக்கு அவை பொருந்துமா என்று அடுத்த கிளினிக்கில் நேரடியாகவே கேளுங்கள்.

இனி, என்ன நடந்தது என்பது. நான் வைத்தியர் இல்லை, மகனின் கையைப் பார்க்கவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆபத்து. எலும்பு முறிந்த கை வீங்கும்போது, தசைகளைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. மேலே இறுக்கமான பிளாஸ்டரும் இருந்தால் இன்னும் ஏறும். இரத்தம் போகாது. சில மணி நேரத்துக்குள் பிளாஸ்டரைப் பிளந்து, தேவையானால் உறையையும் கீறி விடாவிட்டால் தசை செத்துவிடும். செத்த தசை பின்னால் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். ரிச்சர்ட் வொன் வொல்க்மன் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் இதை 1881இலேயே எழுதி வைத்தார். இன்றைக்கும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதன் முதல் அடையாளம், முறிவுக்குப் பொருத்தமில்லாத அளவு கடுமையான, மருந்துக்கு அடங்காத வலி. விரலைப் பிடித்து நிமிர்த்தினால் பிள்ளை துடிக்கும். அன்றிரவு நீங்கள் போய்ச் சொன்னது இதைத்தான், சகோதரி. நீங்கள் பதறிப்போய் எதையோ உளறவில்லை.

ஆனால் அதை எப்படிக் காட்டப் போகிறோம்? இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது வீட்டுக்கு வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதில் முறிவின் பெயர், பிளாஸ்டர் போட்டது, கண்டிக்கு அனுப்பியது என்று சில வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும். 1/52 என்று எழுதியிருந்தால் ஒரு வாரம், 2/7 என்றால் இரண்டு நாள். பயந்துவிடாதீர்கள், அது வைத்தியர்களின் சுருக்கெழுத்து. ஆனால் அந்தக் கார்டில் அந்த இரவு இருக்காது. அந்த இரவு இருப்பது வார்ட் டிக்கட்டில். கட்டிலோடு இருந்ததே, அந்தக் கடதாசிக் கட்டு. எத்தனை மணிக்குப் பிளாஸ்டர் போட்டார்கள், விரலின் நிறத்தையும் சூட்டையும் தாதி எத்தனை மணிக்குப் பார்த்து எழுதினார், நகத்தை அழுத்திவிட்டால் இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார்களா, பனடோல் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், கடமையில் இருந்த டொக்டருக்குச் சொன்னார்களா, அவர் வந்தாரா. எழுதியிருந்தாலும் சாட்சி. பத்து மணி நேரத்துக்கு ஒரு வரியும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தாலும் சாட்சி.

ஆகவே உங்கள் முதல் வேலை அந்த டிக்கட்டின் பிரதியை எடுப்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரியின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு தந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஒருவருடைய மருத்துவப் பதிவை அவர் சம்மதமில்லாமல் கொடுக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எழுத்தில் சம்மதம் இருந்தால் கொடுக்கலாம் என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. பெற்றோராக உங்கள் சம்மதத்தை எழுதிக் கையெழுத்து வைத்து, மகனின் பிறப்புச் சான்றிதழ் பிரதியை இணையுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கண்டி ஆஸ்பத்திரிக்கும் இதேபோல் தனியாக ஒன்று. கையைத் திறந்தபோது தசை எந்த நிலையில் இருந்தது என்று ஒபரேஷன் குறிப்பில் எழுதியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய சாட்சி அந்தச் சில வரிகளாகவே இருக்கலாம்.

டிக்கட் வருகிறவரை நீங்கள் ஒன்று செய்யலாம். ஒரு சீஆர் கொப்பி எடுத்து, அன்று பின்னேரத்திலிருந்து நினைவிலுள்ளதை நேரத்தோடு எழுதுங்கள். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையோடு இருந்த தாய் யார், எந்தத் தோட்டம் என்று தெரிந்தால் அதையும். ஏழு மாதம் போய்விட்டது, இன்னும் ஏழு மாதம் போனால் நேரங்கள் கலந்துவிடும்.

சரி, சட்டம் என்ன கேட்கிறது? நமது நாட்டில் இது ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வரும் தீங்கியல் வழக்கு, அதாவது ஒருவரின் தவறால் வந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்கும் வழக்கு. சிகிச்சை பிழைத்துப்போனது என்று மட்டும் காட்டினால் போதாது. அந்த இடத்தில், அந்த வசதிகளோடு இருக்கும் நியாயமான திறமையுள்ள ஒரு வைத்தியரோ தாதியோ செய்திருக்கக்கூடியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது: அந்தக் கவனயீனத்தால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்று நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்கிறேன். முழங்கைக்கு மேலே முறியும்போது எலும்பின் முனையே இரத்தக் குழாயை நசுக்கலாம், பிளாஸ்டரே போடாவிட்டாலும் இது வந்திருக்கலாம் என்பார்கள். அது பொய்யான வாதம் இல்லை, அப்படியும் நடப்பதுண்டு. நமது பதில், எப்படி வந்திருந்தாலும் அன்றிரவே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்பது. அதைச் சொல்ல ஓர் எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

இந்த இரண்டாவது படியில் எத்தனை பெரிய வழக்கும் விழும் என்பதற்கு நமது நாட்டின் மிகப் பிரபலமான வழக்கே போதும். குழந்தை வைத்திய நிபுணரான பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக ரியென்சி அர்செக்குலரத்ன தொடுத்தது. சிறு பிள்ளையின் மூளைத் தண்டில் இருந்த கட்டி நேரத்தோடு கண்டுபிடிக்கப்படவில்லை, பிள்ளை இறந்துவிட்டது. வழக்குத் தொடுத்த தகப்பனார் சாதாரண ஆள் இல்லை, அவரே சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனயீனம் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. அதோடு, பிள்ளையை இழந்த பெற்றோரின் மன வேதனைக்கு இந்த வகை வழக்கில் நட்டஈடு இல்லை என்றும் சொன்னது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் வழக்கு வேறு. கட்டியைக் கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது அங்கே கேள்வி. உங்கள் மகனுக்கு வந்ததைச் சில மணி நேரத்துக்குள் பார்த்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. அதோடு மகன் உயிரோடு இருக்கிறான். அவன் பட்ட வலிக்கும், இழந்த கைத்திறனுக்கும், நாளைக்கு அவனால் உழைக்க முடியாமல் போகும் வருமானத்துக்கும் அவன் பெயரிலேயே நட்டஈடு கேட்கலாம். அவனுக்காக நீங்களோ வீட்டுக்காரரோ முன்நின்று தொடுப்பீர்கள்.

இனித் தலைவர் சொன்ன அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு கதையைக் காட்டியே நம் சனத்தின் வாயை அடைக்கிறார்கள்.

அமெரிக்காவில் சட்டத்தை மாற்றியது உண்மை. 1975இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வைத்தியர்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் தொழிலை விட்டுவிடுவோம் என்று அவர்கள் சொன்ன காலம் அது. வலி, வேதனை போன்றவற்றுக்குக் கொடுக்கும் தொகை இரண்டரை இலட்சம் டொலரைத் தாண்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள். வைத்தியச் செலவுக்கும் இழந்த சம்பளத்துக்கும் எல்லை இல்லை. 2003இல் டெக்சாஸ் மாநிலமும் இதே வழியில் போனது. எல்லை போட்டதால் டொக்டர்மார் கூடினார்களா, சும்மா பயத்துக்காக எழுதும் பரிசோதனைகள் குறைந்தனவா என்று அங்கே இன்றுவரை இரண்டு பக்கமும் வாதாடுகிறது. ஆனால் எல்லை யாரை அடித்தது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. சம்பளம் இல்லாதவர்களை அடித்தது. பிள்ளைகள், வீட்டில் இருக்கும் பெண்கள், வயதானவர்கள். இழந்த சம்பளம் என்று காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை, வேதனைக்கான தொகை மட்டும்தான் இருந்தது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அந்த இரண்டரை இலட்சம் 2022 வரை அசையவில்லை. அந்த வருடம்தான் சட்டத்தைத் திருத்தி, 2023 முதல் படிப்படியாக உயர்த்த ஒத்துக்கொண்டார்கள். அமெரிக்காவே சட்டத்தை மாற்றியது என்று சொல்லும் தலைவர் இந்த இரண்டாவது மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். நியூயோர்க் மாநிலத்தில் 1984ஆம் ஆண்டின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிப் பதிவுகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். கவனயீனத்தால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் வழக்கே போடவில்லை என்று கண்டார்கள். வழக்குகள் மலிந்த நாடு என்று பெயர் எடுத்த இடத்திலேயே நிலைமை அது. அங்கே ஜூரி இருக்கிறது. வென்றால் மட்டும் பங்கு எடுத்துக்கொள்ளும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். இங்கே ஒரு நீதிபதிதான் தீர்ப்பார், ஒவ்வொரு தவணைக்கும் நாம்தான் செலவழிக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். எல்லை போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இங்கே என்ன வழக்கு நடக்கிறது? லயத்திலிருந்து எத்தனை தாய்மார் இதுவரை கோட்டுக்குப் போயிருக்கிறார்கள்?

டொக்டர்மார் வரமாட்டார்கள் என்ற பயம் வெறும் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லாத கஷ்டம் நிஜம். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஏராளமான வைத்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். ஆனால் அவர்கள் போனது விலைவாசிக்கும் வரிக்கும், போதாத சம்பளத்துக்கும். வழக்குக்குப் பயந்து இல்லை. மழையிலும் பனியிலும் ஒரு குவாட்டர்சில் தங்கி இரவு பகலாக வேலை செய்யும் இளம் டொக்டர்மார் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அன்றிரவு ஒரே தாதி எத்தனை கட்டில்களைப் பார்த்தார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். ஆள் போதாமல் நடந்திருந்தால் அதற்குப் பொறுப்பு அந்தத் தாதி மட்டும் இல்லை, ஆளைப் போடாத அரசு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி தன் ஊழியர் செய்த தீங்குக்கு அரசையே பொறுப்பாக்க முடியும். ஆகவே நீங்கள் ஒரு டொக்டரின் வாழ்க்கையைக் கெடுக்கப் போகிறீர்கள் என்று யாராவது சொன்னால் தலை குனிய வேண்டாம்.

எனக்குக் கேட்டால், நமக்கு வேண்டியது கலிபோர்னியாவின் எல்லை இல்லை, நியூசிலாந்தின் வழி. அங்கே 1974 முதல் விபத்தில் காயப்பட்டவருக்கு யார் குற்றம் என்று நிரூபிக்காமலே பொது நிதியிலிருந்து உதவி போகிறது. அதற்குப் பதிலாக வழக்குப் போடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார்கள். சிகிச்சையால் வரும் காயமும் அதில் அடங்கும். இப்படி ஒன்று இங்கே இருந்திருந்தால் மகனின் பிசியோதெரபிக்கும் கண்டிப் பயணத்துக்கும் நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்காது, என்ன நடந்தது என்று சொல்ல ஆஸ்பத்திரிக்கும் இத்தனை பயம் இருக்காது. அது வரும்வரை நம்மிடம் இருப்பது நீதிமன்றம்தான். அதையும் மூடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சென்னைச் சித்தப்பா நினைத்துக்கொண்டிருப்பது இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் கொடுத்த தீர்ப்பாக இருக்கலாம். குணால் சாஹா என்பவரின் மனைவி இறந்ததற்கு 5.96 கோடி இந்திய ரூபாயும் வட்டியும். ஆனால் அவரே ஒரு டொக்டர். மனைவி இறந்தது 1998இல், தீர்ப்பு வர பதினைந்து வருடம். அதுவும் தனியார் ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் அரசு ஆஸ்பத்திரியை அங்கேயும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் இழுக்க முடியாது. கோடி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பொலிஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குற்றவியல் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவு மிக உயரம். முறைப்பாடு போன அடுத்த நிமிடம் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் கேட்பது உண்மையை, பொலிஸ் வழியில் அது கிடைப்பது கஷ்டம். இலங்கை மருத்துவச் சபைக்குச் சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு செய்யலாம். அவர்கள் டொக்டரின் நடத்தையை விசாரித்து நடவடிக்கை எடுக்கலாம், நட்டஈடு தரமாட்டார்கள். அரசு உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போடும் அடிப்படை உரிமை மனுவுக்குத் தந்திருக்கும் ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது.

தலைவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். வாகனத்துக்கு, கடிதம் கொண்டுபோக அவர் உதவலாம். ஆனால் மூலக் கடதாசி ஒன்றையும் அவர் கையில் கொடுக்காதீர்கள், எதுவும் எழுதாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளையின் வழக்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோர்கூட சமரசம் செய்ய முடியாது. சட்டம் அவ்வளவு கவனமாக இருக்கும் இடத்தில், முன்றலில் நின்று பேசி முடிக்கும் தொகைக்கு நீங்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

கெடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீங்கியல் வழக்குக்கு இரண்டு வருடம். பராயமடையாத பிள்ளைக்குச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் அதை நம்பிப் பிந்த வேண்டாம், நீங்கள் செலவழித்த பணத்தையும் இழந்த சம்பளத்தையும் கேட்க அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. அரசுக்கு எதிராகப் போவதற்கு முன் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழா, மாகாண சபையின் கீழா என்பதைப் பொறுத்து யாரைப் பிரதிவாதியாக்குவது என்பதும் மாறும். நிபுணர் ஒருவரைத் தேடவே மாதங்கள் போகும். சின்ன நாடு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சக வைத்தியருக்கு எதிராகச் சொல்லத் தயங்குவார்கள். ஓய்வு பெற்ற நிபுணர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அதனால் இந்த வருடத்துக்குள் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிடுங்கள். காசு இல்லை என்று நின்றுவிட வேண்டாம், வருமானம் குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நுவரெலியாவில் கேளுங்கள்.

அவர்களிடம் போகும்போது டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, இரண்டு விண்ணப்பங்களின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, பஸ், வேன் செலவு எழுதிய கணக்கு, வேலைக்குப் போகாத நாட்கள் தெரியும் சம்பளச் சிட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மகனின் விழுவதற்கு முந்திய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றும், இப்போதைய கொப்பி ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உள்ள எழுத்தை அருகருகே வைத்துப் பார்க்கும் நீதிபதிக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

உங்கள்,
சட்டத்தரணி